மண்ணடியில் ஓடும் செல்வம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

சென்ற ஆண்டு பருவத் தேர்வு முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். கை கால் கழுவி உட்காருவதற்குள் அப்பா ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். "நம்ம காட்டு சர்வே நம்பர் இதுல இருக்குதுன்னு சொல்றாங்க. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் என் விடுமுறைக்காகக் காத்திருக்கும்.

நாலைந்து முறை படித்த பிறகே பொருள் விளங்கிற்று. எங்கள் இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டின் குறுக்கே, மண்ணுக்கடியில் எரிபொருள் செல்லும் குழாய் ஒன்று பதிக்கப்பட இருக்கிறது. அதற்காக நிலத்தில் 'உபயோக உரிமை' எடுத்துக்கொள்ளப்படும். ஆட்சேபணை இருந்தால் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "செரி, இந்தக் குழாய் போறதால யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார்.

"நாட்டுக்கு லாபம்" என்று சொல்லி வைத்தேன். அது ஒரு பதிலே அல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கல்லூரி திறந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தும், ஆசிரியர்களைக் கேட்டும் ஓரளவு விடை தேடிக்கொண்டேன். அதையே இக்கட்டுரையில் சக மாணவர்களின் முன் வைக்கிறேன்.

எண்ணெய்க்கு நாம் கொடுக்கும் விலை

எரிபொருள் இல்லாமல் இன்று எந்த வேலையும் நடவாது. உழவு டிராக்டர், மீன்பிடி விசைப்படகு, சரக்கு லாரி, அடுப்படி சிலிண்டர் ஆகிய அனைத்தும் பெட்ரோலியத்தின் பிள்ளைகளே. ஆனால் அந்தப் பெட்ரோலியத்தில் பெரும்பகுதி நம் மண்ணில் கிடைப்பதில்லை. 2023-24ஆம் ஆண்டில் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெய் சுமார் 23 கோடி டன். அதற்குச் செலவிட்ட தொகை 13,000 கோடி டாலருக்கும் மேல். அதே ஆண்டில் உள்நாட்டில் எடுத்தது ஏறத்தாழ 2.9 கோடி டன்தான்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அதற்கு ரூபாய் செல்லாது. டாலர் கொடுக்க வேண்டும். டாலரை நாம் அச்சடிக்க முடியாது. துணி, தேயிலை, தோல், இயந்திரம், மென்பொருள் என்று எதையாவது விற்றுத்தான் ஈட்ட வேண்டும். இதைத்தான் அன்னியச் செலாவணி என்கிறோம்.

இந்தச் சுமை எத்தகையது என்பதற்கு 1980-81ஆம் ஆண்டின் கணக்கு ஒன்றே போதும். அவ்வாண்டு நம் நாட்டின் மொத்த ஏற்றுமதி 6,711 கோடி ரூபாய். பெட்ரோலியப் பொருட்களின் இறக்குமதி மட்டும் 5,264 கோடி ரூபாய். அதாவது, நாடெங்கும் நெசவாளியும் தோட்டத் தொழிலாளியும் பாடுபட்டு வெளிநாட்டில் விற்றுச் சம்பாதித்த ஒவ்வொரு ரூபாயிலும் 78 காசு எண்ணெய்க்கே போயிற்று. மீதி 22 காசில் இயந்திரமும் உரமும் மருந்தும் வாங்க முடியுமா? கடன்தான் வாங்க வேண்டும்.

விலையும் நம் கையில் இல்லை. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் ஏறத்தாழ 12 டாலராயிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து 30 டாலரைத் தாண்டிற்று. 1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது விலை மீண்டும் எகிறிற்று. அதன் பின் 1991இல் நம் அன்னியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு இறங்கியது. அவ்வாண்டு ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைக்க நேர்ந்தது. வீட்டில் பணமுடை வந்தால் அம்மாவின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நாட்டுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. எண்ணெய் அவற்றில் முக்கியமான ஒன்று.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கச்சா எண்ணெய் சுமார் 7.3 பீப்பாய். எனவே 10 லட்சம் டன் என்பது 73 லட்சம் பீப்பாய். பீப்பாய் 70 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இதன் மதிப்பு 51 கோடி டாலர். நம் பணத்தில் 4,300 கோடி ரூபாய்க்கு மேல். உள்நாட்டில் 10 லட்சம் டன் கூடுதலாக எடுத்தால் இவ்வளவு டாலர் மிச்சம். எடுப்பதற்கும் செலவு உண்டு என்பது உண்மையே. ஆனால் அச்செலவின் பெரும்பகுதி கூலியாகவும், எஃகுக்கும் சிமெண்டுக்கும் விலையாகவும், ராயல்டியாகவும், வரியாகவும் நாட்டுக்குள்ளேயே சுற்றி வரும். வெளியே போன பணம் அப்படித் திரும்பி வராது. உள்நாட்டு உற்பத்தியின் முதல் பயன் இதுவே.

டிக்பாய் முதல் பம்பாய் ஹை வரை

நம் நாட்டின் எண்ணெய்க் கதை அஸ்ஸாம் காடுகளில் தொடங்குகிறது. டிக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1901இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அது இன்றும் இயங்குகிறது. ஆயினும் சுதந்திரம் பெற்ற 1947இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட எண்ணெய் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் அளவே.

இந்தியாவில் பெரிய அளவில் எண்ணெய் கிடைக்காது என்று வெளிநாட்டு நிபுணர்கள் பலர் கருதிய காலத்தில், மத்திய அமைச்சராயிருந்த கே. டி. மாளவியா நாமே தேடிப் பார்ப்போம் என்று துணிந்தார். 1956இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தது. குஜராத்தில் 1958இல் காம்பேயிலும், 1960இல் அங்கலேஷ்வரிலும் பலன் கிட்டியது. 1974 பிப்ரவரியில் 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடும் கப்பல், பம்பாய்க்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் நடுக்கடலில் எண்ணெயைக் கண்டது. அதுவே பம்பாய் ஹை; இன்றைய பெயர் மும்பை ஹை. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கிற்று. அதன் உச்ச காலத்தில் அந்த ஓர் இடமே ஆண்டுக்கு 2 கோடி டன் அளவில் எண்ணெய் தந்தது. 1980களின் நடுவில் நாட்டின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உள்நாட்டு எண்ணெயே நிறைவு செய்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அதற்குப் பின் தேவை வளர்ந்த வேகத்துக்கு ஊற்று வளரவில்லை. ராஜஸ்தானில் பார்மேர் அருகே 2004இல் மங்களா வயல் கண்டறியப்பட்டு 2009இல் உற்பத்திக்கு வந்தது ஓர் ஆறுதல். 2011-12இல் 3.8 கோடி டன்னாக இருந்த உற்பத்தி அதன் பிறகு இறங்கு முகமாயிற்று. கிணறு என்பது வற்றக்கூடியது. எண்ணெய்க் கிணறும் அப்படித்தான்.

கிணறு மட்டும் போதாது

எண்ணெயைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் பாதி வேலைதான் முடிகிறது. கிணறு இருக்கும் இடத்தில் அதை வேண்டுவோர் இருப்பதில்லை.

அஸ்ஸாமில் நாஹர்காட்டியாவில் 1953இல் எண்ணெய் கிடைத்தது. அதைக் குவாஹாத்திக்கும், பின் பீகாரிலுள்ள பரௌனி சுத்திகரிப்பு ஆலைக்கும் கொண்டுபோக 1,157 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் முடிந்த இதுவே நாட்டின் முதல் பெரிய கச்சா எண்ணெய்க் குழாய்ப் பாதை. காடு, ஆறு, வெள்ளம் அனைத்தையும் கடந்து இன்றுவரை அது பணி செய்து வருகிறது.

லாரியிலும் ரயிலிலும் அனுப்பினால் ஆகாதா? இதையும் கணக்காகவே பார்க்கலாம். 20,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி சுமார் 16 டன் டீசலைச் சுமக்கும். ஆண்டுக்கு 30 லட்சம் டன் அனுப்ப வேண்டுமானால் 1,87,500 நடை. நாள் ஒன்றுக்கு 500 லாரிகளுக்கு மேல் போக வேண்டும்; அத்தனையும் காலியாகத் திரும்பி வர வேண்டும். எரிபொருளைச் சுமக்கவே எவ்வளவு எரிபொருள் தீரும்! சாலைத் தேய்மானம், விபத்து, வழியில் திருட்டு ஆகியவை வேறு. குழாய்க்கோ திரும்பி வரும் பயணமே கிடையாது. முதலில் போடும் முதல் பெரிது. போட்டபின் பம்பு ஓட்டும் செலவும் பராமரிப்புச் செலவுமே பெரும்பாலும் மிஞ்சும். ஆகவேதான் நிலத்தின் வழியே பெரும் அளவில் எண்ணெய் கொண்டுசெல்ல இதைக் காட்டிலும் மலிவான வழி இல்லை என்கிறார்கள்.

எண்ணெயாவது லாரியில் ஏறும். வாயு அவ்வளவு எளிதில் ஏறாது. பம்பாய் ஹையில் எண்ணெயோடு சேர்ந்து வந்த வாயுவில் பெரும்பகுதி, கொண்டுபோக வழியில்லாமல் தொடக்க ஆண்டுகளில் கடல்மேல் கொளுத்தப்பட்டது. இரவு பகலாக எரிந்த அந்தத் தீ யாருடைய அடுப்பையும் மூட்டவில்லை. யாருடைய ஆலையையும் ஓட்டவில்லை. குழாய் இல்லாத இடத்தில் வாயு செல்வமாகாது, வெறும் நெருப்பாகவே போகும்.

இந்த நிலையை மாற்றியது ஹசீரா–விஜய்பூர்–ஜகதீஷ்பூர் குழாய்ப் பாதை. இதற்கெனவே 1984இல் அரசு தனி நிறுவனம் ஒன்றை நிறுவியது. குஜராத் கடற்கரையிலிருந்து மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட இப்பாதை 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிற்று. அதன் வழியோரத்தில் ஆறு பெரிய உரத் தொழிற்சாலைகளும், மின் நிலையங்களும் வளர்ந்தன.

வாயுவுக்கும் உரத்துக்கும் என்ன உறவு? இது எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள நைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. அம்மோனியாவும் கார்பன்-டை-ஆக்சைடும் சேர்ந்தால் யூரியா. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று வாங்கி வரும் 45 கிலோ மூட்டையின் பூர்வீகம் இதுதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த சமன்பாடு எங்கள் காட்டு வரப்பில் வந்து முடிகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

குழாய்க்குள்ளே அறிவியல்

குழாய் பதிப்பது குடிநீர்க் குழாய் பதிப்பது போன்ற காரியமல்ல. மங்களா வயலின் எண்ணெயில் பாரஃபின் மெழுகு மிகுதி. சாதாரண வெப்பநிலையிலேயே அது உறைந்து நின்றுவிடும். ஆகவே அங்கிருந்து குஜராத் கடற்கரை நோக்கி 600 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் குழாய்க்கு வெப்பம் கசியாத உறை போட்டு, வழி நெடுகிலும் சூடேற்றிக்கொண்டே போகிறார்கள். இவ்வகையில் உலகிலேயே மிக நீளமான குழாய் அது.

மற்றொரு எதிரி துரு. ஈர மண்ணில் கிடக்கும் எஃகு நாளடைவில் அரிக்கப்படும். அதைத் தடுக்க வெளிப்பூச்சு பூசுவதோடு, குழாயை எதிர்மின்வாயாக வைத்துப் பாதுகாக்கும் முறையும் கையாளப்படுகிறது. மக்னீசியம் அல்லது துத்தநாகத் துண்டுகளைக் குழாயுடன் மின்கம்பியால் இணைத்துப் புதைத்தால், அரிப்பு அந்தத் துண்டுகளைத் தின்னும், குழாய் தப்பும். உட்புறத்தைத் துப்புரவு செய்யவும் சோதிக்கவும் 'பிக்' எனப்படும் கருவியை உள்ளே செலுத்துகிறார்கள். அது குழாயில் செல்லும் எண்ணெய் அல்லது வாயுவின் அழுத்தத்தாலேயே தள்ளப்பட்டு ஓடும்.

இவற்றில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான சான்று உண்டு. ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்னும் கிராமத்தில் 2014 ஜூன் 27 அன்று அதிகாலை வாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஈரம் நீக்கிய வாயு போக வேண்டிய குழாயில் ஈரத்தோடு கூடிய வாயு போனதும், உட்புறம் அரிக்கப்பட்டதும் காரணங்கள். குழாய் பாதுகாப்பானதுதான். ஆனால் அது தானாகப் பாதுகாப்பாக இருப்பதில்லை; ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

திட்டமிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 2002இல் பெரும் வாயு வளம் கண்டறியப்பட்டு, 2009இல் உற்பத்தி தொடங்கிற்று. அதை நம்பி காக்கிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை சுமார் 1,400 கிலோமீட்டருக்குக் குழாய் போடப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த அளவு வாயு வரவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே உற்பத்தி சரிந்தது. பல ஆண்டுகள் அக்குழாய் தன் கொள்ளளவில் சிறு பகுதியையே சுமந்தது. நீர் வரத்து பாராமல் வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் தமிழகத்தில்

நம் மாநிலமும் இதில் பின்தங்கிவிடவில்லை. காவிரிப் படுகையில் நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம், கமலாபுரம் முதலிய இடங்களில் எண்ணெயும் வாயுவும் கிடைத்தன. நரிமணம் எண்ணெயை நம்பி 1993இல் நாகை அருகே சிறு சுத்திகரிப்பு ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. திருமாக்கோட்டை, குத்தாலம், இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் ஆகிய இடங்களில் உள்ளூர் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்க நிலையங்கள் அமைந்தன.

பொருட்களைக் கொண்டுசெல்லும் குழாய்களும் உண்டு. கொச்சியிலிருந்து கோவையை அடுத்த இருகூர் வழியாகக் கரூருக்கு வரும் 292 கிலோமீட்டர்க் குழாயும், சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குச் செல்லும் குழாயும் பெட்ரோலையும் டீசலையும் உள்மாவட்டங்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. 2019இல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு இறக்கும் முனையம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே மணலியின் உரத் தொழிற்சாலை விலை மிகுந்த நாப்தாவை விட்டு வாயுவுக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் இராமநாதபுரம்–தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர்க் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பின் தூத்துக்குடி உரத் தொழிற்சாலையும் வாயுவுக்கு மாறிற்று. எண்ணூர் வாயு கப்பலில் வந்தது. இராமநாதபுரத்து வாயு நம் மண்ணில் கிடைத்தது. இரண்டுக்கும் குழாய்தான் வழி.

ஆயினும் டெல்டா உழவர்களின் அச்சத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் திரண்டு எதிர்த்தனர். கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதை நாடே பார்த்தது. 2020 பிப்ரவரியில் தமிழக அரசு சட்டம் இயற்றி, காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கியது. அங்கே புதிதாக எண்ணெய், வாயுக் கிணறுகள் தோண்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. சோறும் எரிபொருளும் ஒரே மண்ணில் போட்டியிட்டால் சோற்றுக்கே முதலிடம் என்பது அதன் பொருள். இதை வளர்ச்சிக்கு எதிர்ப்பு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கில் விடுபட்ட வரி

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நாட்டுக்கு டாலர் மிச்சம். ஆலைக்கு மலிவான எரிபொருள். அரசுக்கு வரி. நிலப்பகுதியில் கிணறு இருந்தால் மாநிலத்துக்கு ராயல்டி. உழவருக்கு உரம். இத்தனை பேருக்கு லாபம் உண்டு. குழாய் போகும் காட்டுக்காரருக்கு என்ன?

இதற்கு 1962ஆம் ஆண்டின் பெட்ரோலிய, கனிமக் குழாய்ப் பாதைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். இச்சட்டத்தின்படி நிலம் நம்முடையதாகவே இருக்கும், பட்டா மாறாது. அதன் அடியில் குழாய் பதிக்கும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். வேலை முடிந்ததும் மேலே பயிர் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. குளம், குட்டை அமைக்கக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. பதிக்கும்போது ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு ஈடு உண்டு. அதோடு, அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. அதுவும் ஒரே ஒரு முறை.

ஒரு பேச்சுக்குக் கணக்கிடுவோம். 20 மீட்டர் அகலப் பட்டை, 100 மீட்டர் நீளக் காட்டைக் கடந்தால் 2,000 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர். இரண்டு ஏக்கர்க்காரருக்கு அது காட்டில் கால் பங்கு. ஏக்கர் 20 லட்சம் என்றால் அரை ஏக்கர் 10 லட்சம். கையில் வருவது 1 லட்சம். குழாய் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடும். தடையும் அத்தனை ஆண்டுகள் இருக்கும். நிலத்தை விற்கப் போனால் குழாய் இருக்கிறது என்று விலை குறைத்துக் கேட்பார்கள். செல்பேசிக் கோபுரத்துக்கு இடம் கொடுத்தவருக்கு மாதா மாதம் வாடகை வருகிறது. குழாய்க்கு இடம் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் வரக் கூடாது?

இது வெறும் இரக்கப் பேச்சன்று. பொருளாதாரமே இதைத்தான் சொல்கிறது. கொச்சியிலிருந்து மங்களூருக்கும் பெங்களூருக்கும் வாயு கொண்டுசெல்லும் திட்டம் 2009இல் தொடங்கியது. அது தமிழகத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் செல்வதாயிருந்தது. விளைநிலத்தில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுங்கள் என்று உழவர்கள் போராடினர். 2013இல் மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குழாய்த் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் உழவரின் மனம் மாறவில்லை. கேரளத்திலும் 2017இல் முக்கம் பகுதியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அங்கே மாநில அரசு பேச்சு நடத்தி இழப்பீட்டை உயர்த்தியது, பணி தொடர்ந்தது. 450 கிலோமீட்டர் கொச்சி–மங்களூர்ப் பாதை 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் தாமதமானதால் ஏறிய செலவில் ஒரு சிறு பகுதியை முதலிலேயே நிலத்துக்காரருக்குக் கொடுத்திருந்தால் குழாயும் விரைவில் முடிந்திருக்கும், மனக்கசப்பும் இருந்திராது.

ஆகவே என் கருத்து இதுதான். உள்நாட்டில் எண்ணெய் எடுக்க வேண்டும். குழாயும் பதிக்க வேண்டும். அதே சமயம், இயன்ற இடங்களில் சாலையோரமாகக் கொண்டு செல்ல வேண்டும். இயலாத இடங்களில் ஆண்டு வாடகை தர வேண்டும். அறிவிப்பு எளிய தமிழில் இருக்க வேண்டும். கிராம சபையில் படித்துக் காட்டப்பட வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை ஊருக்கு வரும் வரை 21 நாள் காத்திருக்காது அல்லவா?

முடிவுரை

எங்கள் ஆட்சேபணை மனுவை நான்தான் எழுதினேன். குழாயே வேண்டாம் என்று எழுதவில்லை. காட்டின் நடுவில் போகாமல் கிழக்கு வரப்பை ஒட்டிப் போனால், கிணறு வெட்ட அப்பா குறித்து வைத்திருக்கும் இடம் தப்பும் என்று படம் போட்டுக் காட்டினேன். விசாரணை நாளில் அப்பாவுடன் நானும் போயிருந்தேன். அதிகாரி படத்தைப் பார்த்து, சர்வேயரிடம் ஏதோ கேட்டுக் குறித்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை. அளந்து நட்ட கல் காட்டின் நடுவிலேயே நிற்கிறது. அதைச் சுற்றி அப்பா இந்த வருஷமும் கடலை விதைத்திருக்கிறார்.

"யாருக்கு லாபம்?" என்று இப்போது அவர் கேட்டால் என்னால் சொல்ல முடியும்: "எல்லாருக்கும் லாபம்தான் அப்பா. உங்கள் யூரியா மூட்டையிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள் பங்கு இன்னும் சரியாகக் கணக்கிடப்படவில்லை."

அந்தக் கணக்கைச் சரிசெய்வது யார் பொறுப்பு? இன்று வேதியியலும் பொருளியலும் படிக்கும் நம்மில் சிலர் நாளை பொறியாளராகவும், அதிகாரியாகவும் அந்த மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். அன்று நம் முன்னால் ஓர் உழவர் காகிதத்தோடு வந்து நிற்பார். அவருடைய கேள்வியை நாம் ஏற்கனவே நம் வீட்டில் கேட்டிருக்கிறோம் என்பதை மறவாதிருப்போம்.